நெட்மாஸ்க் காட்டும் சொந்தக்காரர்கள்

வாடகைக்கு எடுத்த ஒரு மெஷின். ஐபி முகவரி 203.0.113.77, நெட்மாஸ்க் (முகவரியில் எவ்வளவு பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் எண்) 255.255.255.0. அதில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளின் பழைய பதிப்பு ஒன்றை நிறுவி, டொமைன் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 203.0.113.140 என்ற முகவரியில் முன்பின் தெரியாத ஒருவர் வேறொரு மெஷினை வாடகைக்கு எடுத்திருக்கிறார். அவர் நம் சர்வரோடு இணைந்து, உலகின் ஏதோ ஒரு மூலைக்கு மெயில் அனுப்பச் சொல்கிறார். நம் சர்வர் கடவுச்சொல் கேட்பதில்லை, மறுப்பதும் இல்லை. வாங்கி அனுப்பிவிடுகிறது.

கன்ஃபிக் கோப்பைப் புரட்டினால் அந்த முகவரி எங்கும் இருக்காது. நாம் யாருக்கும் அனுமதி எழுதித் தரவில்லை. சர்வரே இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் விசாரித்து, "பக்கத்தில் இருக்கும் 256 முகவரிகளும் நம்மவர்கள்" என்று முடிவு செய்துகொண்டது. அந்த விசாரணை எப்படி நடக்கிறது, அதற்குக் கிடைக்கும் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் இங்கே விஷயம்.

மெயில் சர்வருக்கு இரண்டு கேள்விகள் உண்டு. நான் யார்? என்னைச் சேர்ந்தவர்கள் யார்? கேட்பதற்கு ஒரே கேள்வியின் இரண்டு பாதிபோல இருக்கும். ஆனால் முதல் கேள்விக்குக் கெர்னல் ஓரளவு ஒழுங்காகப் பதில் சொல்லும். இரண்டாவதற்கு அதனிடம் பதிலே கிடையாது. கெர்னலுக்குத் தெரிந்ததெல்லாம் எந்தப் பாக்கெட்டை எந்தக் கம்பி வழியாக அனுப்புவது என்பது மட்டுமே. யாரை நம்புவது என்பது அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ் தன் முதல் பதினாறு ஆண்டுகள் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே வாயிலிருந்து பதில் வாங்கிக்கொண்டிருந்தது.

முதல் கேள்வியே ஏன் வருகிறது? ஒரு டொமைனுக்கு வரும் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்பதை இணையத்தின் பெயர்ப்பட்டியலான டிஎன்எஸ்ஸில் இருக்கும் எம்எக்ஸ் பதிவுகள் சொல்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை எண். சிறிய எண்ணுக்கே முதல் மரியாதை. 10 என்ற எண்ணோடு முதன்மை சர்வர், 20 என்ற எண்ணோடு மாற்று சர்வர் என்று வையுங்கள். முதன்மை படுத்துவிட்டால் மெயில் மாற்று சர்வருக்கு வரும். அது வாங்கி வைத்துக்கொண்டு முதன்மைக்கு அனுப்பிப் பார்க்கும். அங்கே யாரும் எடுக்கவில்லை. பட்டியலில் அடுத்தது யார்? 20. அதாவது அதுவேதான். இந்த இடத்தில் தன்னைத் தானே அடையாளம் கண்டுகொள்ளாவிட்டால் கதை கந்தல். தனக்கே போன் போட்டு, தானே எடுத்து, தானே மெயிலை வாங்கி வைத்து, மறுபடியும் முதன்மையைத் தேடி, மறுபடியும் தனக்கே போன் போடும்.

1986 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 974 என்ற இணையத் தர ஆவணம் இதற்கு வழி சொல்லியது: பட்டியலில் உன்னைக் கண்டால் உன் எண்ணையும் அதைவிடப் பெரிய எண்களையும் கொண்ட பதிவுகளைத் தூக்கிப் போட்டுவிடு, மிச்சம் இருப்பவர்களிடம் மட்டும் முயற்சி செய். 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5321-உம் இதையே சொல்கிறது. விதி எளிமையானது. ஆனால் "உன்னைக் கண்டால்" என்ற இரண்டு சொற்களுக்குள் முழுச் சிக்கலும் இருக்கிறது. ஒரே மெஷினுக்கு நான்கைந்து பெயர்கள் இருக்கலாம், பெயரை வைத்துத் தன்னைக் கண்டுபிடிப்பது தடுமாற்றம். எனவே பெயரை முகவரியாக மாற்றி, அந்த முகவரி தன்னிடம் இருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான வழி. சென்ட்மெயில் என்ற பழைய மெயில் சர்வரின் "மெயில் லூப்ஸ் பேக் டு மீ", போஸ்ட்ஃபிக்ஸின் "மெயில் லூப்ஸ் பேக் டு மைசெல்ஃப்" ஆகிய இரண்டு புகழ்பெற்ற புலம்பல்களும் சர்வரின் குறிப்பேடான லாக்கில் விழுவது, அடுத்து அனுப்ப வேண்டிய இடம் தானேதான் என்பதை சர்வர் கண்டுகொண்ட பிறகுதான். கண்டுகொள்ளாமல் போனால் கடைசித் தடுப்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு சர்வரும் மெயிலின் தலையில் ஒரு "ரிசீவ்ட்" வரியைச் சேர்க்கிறதல்லவா, அவற்றை எண்ணி, அளவு மீறினால் நிறுத்திவிடுவது. ஆர்எஃப்சி 5321 குறைந்தது 100 வரை பொறுக்கச் சொல்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் 50-இலேயே கையைத் தூக்கிவிடும்.

முகவரியைத் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. டொமைன் பெயருக்குப் பதிலாக, சதுர அடைப்புக்குள் ஐபி முகவரியையே போட்டு மெயில் அனுப்பலாம். இன்று யாரும் அப்படி அனுப்புவதில்லை. ஆனாலும் அந்த முகவரி தன்னுடையதுதான் என்றால் சர்வர் அதை உள்ளூர் மெயிலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, விசாரணை எப்படி நடக்கிறது? யூனிக்ஸ் உலகில் 1983-இன் 4.2 பிஎஸ்டி காலத்திலிருந்தே இதற்கு ஒரு வழி இருக்கிறது. நெட்வொர்க்கோடு பேசும் வாயிலான ஒரு சாக்கெட்டைத் திறந்து, ஐஓகன்ட்ரோல் அழைப்பு மூலம் "உன்னிடம் இருக்கும் நெட்வொர்க் இணைப்புகளான இன்டர்ஃபேஸ்களின் பட்டியலைக் கொடு" என்று கெர்னலைக் கேட்பது. அந்தக் கட்டளையின் பெயர் எஸ்ஐஓசிஜிஐஎஃப்கான்ஃப். வாய்விட்டுப் படித்தால் பல் சுளுக்கிக்கொள்ளும்.

இந்த அழைப்பில் ஒரு வினோதம். மொத்தம் எத்தனை இன்டர்ஃபேஸ் என்று முன்கூட்டியே கேட்க எல்லா யூனிக்ஸிலும் ஒரேபோல வேலை செய்யும் வழி இல்லை. நாம்தான் உத்தேசமாக ஒரு பாத்திரத்தை நீட்ட வேண்டும். பாத்திரம் சிறியதாக இருந்தால் லினக்ஸ் கெர்னல் கொள்ளும் அளவுக்கு ஊற்றிவிட்டு, மீதியை விட்டுவிட்டு, "வெற்றி" என்று சொல்லிவிடும். வழிந்ததை யாரும் நமக்குச் சொல்ல மாட்டார்கள். சோலாரிஸ் 2.5 போன்றவையோ பாத்திரம் பத்தாவிட்டால் பிழை என்று சொல்லித் திருப்பி அனுப்பின. இரண்டு குணத்தையும் சமாளிக்க போஸ்ட்ஃபிக்ஸ் நிரலில் ஒரு சின்ன வித்தை இருக்கிறது. 1024 பைட்டில் தொடங்கு, வந்த பதில் பாத்திரத்தில் பாதிக்குக் கீழே இருந்தால்தான் முழுதாக வந்தது என்று நம்பு, இல்லாவிட்டால் பாத்திரத்தை இரட்டிப்பாக்கி மறுபடி கேள். பாதி காலியாக இருந்தால்தான் நிம்மதி. வீட்டில் விருந்துக்குச் சமைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

நீளமான புதிய முகவரிகளைக் கொண்ட ஐபிவி6 வந்தபோது இந்த வழி பத்தாமல் போயிற்று. லினக்ஸில் மேற்சொன்ன அழைப்பு ஐபிவி4 முகவரிகளை மட்டுமே தரும். ஐபிவி6 முகவரிகளுக்கு "ப்ராக்" கோப்பமைப்பில் தனியாக ஒரு கோப்பு. அதில் ஒவ்வொரு முகவரியும் 32 பதின்அறும இலக்கங்களாக, இடைவெளியோ புள்ளியோ இல்லாமல், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கும். பக்கத்தில் பிரிஃபிக்ஸ் நீளம் (நெட்வொர்க்குக்கான பிட்களின் எண்ணிக்கை), அதுவும் பதின்அறும எண்ணில்தான். மெஷின் தன்னோடு தானே பேசும் முகவரியான லூப்பேக்குக்கு 80 என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்பக் கூடாது, அது 128. இந்த அவஸ்தையை ஒழுங்குபடுத்தும் "கெட்இஃப்அட்ரஸ்" என்ற ஃபங்ஷன் பிஎஸ்டி குடும்பத்தில் முதலில் வந்து, பின்னர் லினக்ஸின் ஜிலிப்சி 2.3-க்கும் வந்து சேர்ந்தது. ஆனால் ஜிலிப்சி 2.3.3 வரை அதுவும் ஐபிவி4 முகவரிகளை மட்டுமே கொடுத்தது. 2005-இல் போஸ்ட்ஃபிக்ஸ் 2.2 ஐபிவி6 ஆதரவோடு வந்தபோது, எந்த மெஷினில் எந்த வழி வேலை செய்யும் என்று பார்த்துப் பார்த்துக் கட்ட வேண்டியிருந்தது.

எந்த வழியில் கேட்டாலும் ஒவ்வொரு முகவரியோடும் அதன் நெட்மாஸ்க்கும் கிடைக்கும். இங்கேதான் முதல் கேள்வியிலிருந்து இரண்டாவதற்குத் தாவும் ஆசை வருகிறது. முகவரியையும் மாஸ்க்கையும் பிட் பிட்டாகச் சேர்த்து "ஆண்ட்" போட்டால் நெட்வொர்க் கிடைத்துவிடுகிறதே! நம் 203.0.113.77-க்கு மாஸ்க் 255.255.255.192 என்று இருந்தால், கடைசி எண்ணை மட்டும் பார்த்தால் போதும். 77 இருமத்தில் 01001101. 192 என்பது 11000000. இரண்டிலும் 1 இருக்கும் இடம் ஒன்றே ஒன்று, விடை 01000000, அதாவது 64. ஆக நெட்வொர்க் 203.0.113.64/26 (முதல் 26 பிட் நெட்வொர்க்குக்கு), மொத்தம் 64 முகவரிகள். நான்கு வரி நிரலில் முடிகிற வேலை. நிரல் சின்னதாக இருப்பதால் அது சொல்லும் பதில் சரியாகிவிடாது என்பது வேறு விஷயம்.

போஸ்ட்ஃபிக்ஸில் இந்த முடிவு போய் உட்காரும் இடத்துக்கு மைநெட்வொர்க்ஸ் என்று பெயர். நிர்வாகி அதை எழுதாமல் விட்டால், மைநெட்வொர்க்ஸ்-ஸ்டைல் என்ற இன்னொரு அமைப்பைப் பார்த்து சர்வர் தானே கணக்குப் போடும். அதற்கு மூன்று மதிப்புகள். "ஹோஸ்ட்" என்றால் இந்த மெஷின் மட்டும். "சப்நெட்" என்றால் மேலே போட்ட கணக்கு. மூன்றாவது "கிளாஸ்". இது மாஸ்க்கைக்கூடப் பார்ப்பதில்லை. முகவரியின் முதல் எண்ணை வைத்து ஏ, பி, சி என்று வகுப்புப் பிரிக்கும் பழைய முறை. 1993-இல் சிடர் என்ற வகுப்பில்லா முறை வந்த பிறகு இந்தப் பிரிவினைக்கு நெட்வொர்க்கில் வேலையே இல்லை. இருந்தும் இங்கே உயிரோடு இருந்தது. ஒரு முகவரியின் முதல் எண் 1 முதல் 126 வரை இருந்தால் அது ஏ வகுப்பு. கிளவுட் மெஷின்களில் 52 என்றோ 34 என்றோ தொடங்கும் முகவரிகளைப் பார்த்திருப்பீர்கள். "கிளாஸ்" என்று போட்டால் அங்கே 1,67,77,216 முகவரிகள் சொந்தக்காரர்களாகிவிடும். டயல்-அப் இணைப்பில் இதைச் செய்யாதீர்கள், உங்கள் சேவை நிறுவனத்தின் முழு நெட்வொர்க்கையும் நம்ப ஆரம்பித்துவிடுவீர்கள் என்று போஸ்ட்ஃபிக்ஸின் கன்ஃபிக் கோப்பிலேயே எச்சரிக்கை எழுதியிருக்கிறார்கள்.

மைநெட்வொர்க்ஸில் இடம் கிடைத்தால் ரிலே அனுமதி (வெளியே போகும் மெயிலை வாங்கிக் கடத்தும் அனுமதி) மட்டும் கிடைப்பதில்லை. நிமிடத்துக்கு இத்தனை இணைப்பு, இத்தனை மெயில் என்று நாம் வைக்கும் வேகக் கட்டுப்பாடுகளிலிருந்தும் அந்த முகவரிகளுக்கு இயல்பாகவே விலக்கு உண்டு. வாசலில் நின்று ஸ்பேம் பாட்களை வடிகட்டும் போஸ்ட்ஸ்கிரீனும் அவர்களைச் சோதிக்காமல் உள்ளே விடும். கல்யாண வீட்டில் பெண்வீட்டார் என்று சொன்னவுடன் கிடைக்கும் மரியாதை மாதிரி. இத்தனையும் ஒரு "ஆண்ட்" கணக்கின் பேரில்.

வீட்சே வெனெமா ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்தில் எழுதிய போஸ்ட்ஃபிக்ஸ் 1998 டிசம்பரில் வெளியானது. அதன் பழைய பதிப்புகளில் "சப்நெட்" தான் இயல்பு மதிப்பு. அன்றைய சூழலில் அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு பல்கலைக்கழகத் துறை, ஒரு சர்வர், அதே கம்பியில் இருபது முப்பது மேசைக் கணினிகள். எல்லாக் கணினிகளும் 25-ஆம் போர்ட்டில் சர்வரிடம் மெயிலைக் கொடுக்கும். யார் கொடுக்கிறார் என்று கேட்க அப்போது மெயில் பரிமாற்ற முறையான எஸ்எம்டிபியில் தரப்படுத்திய வழி ஏதும் இல்லை. கடவுச்சொல் கேட்கும் முறையை வகுத்த ஆர்எஃப்சி 2554 வந்தது 1999 மார்ச்சில். மெயில் ஒப்படைப்பதற்கென்றே 587-ஆம் போர்ட்டை ஒதுக்கிய ஆர்எஃப்சி 2476-க்கும் போஸ்ட்ஃபிக்ஸுக்கும் ஒரே பிறந்த மாதம், அதே 1998 டிசம்பர். ஆளைக் கேட்க முடியாத காலத்தில் "எந்தத் தெருவிலிருந்து வருகிறாய்" என்று மட்டும்தான் கேட்க முடிந்தது. அதற்கு முன்பு அதைக்கூடக் கேட்காத காலம் ஒன்று இருந்தது. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கி அனுப்பிய சென்ட்மெயில், 1998-இல் வந்த 8.9 பதிப்பில்தான் ரிலேயை இயல்பாகவே மறுக்க ஆரம்பித்தது. அந்த வரிசையில் பார்த்தால் "சப்நெட்" ஒரு முன்னேற்றம்.

பிறகு தெரு மாறிவிட்டது. ஒரே சப்நெட்டில் இருப்பவர்கள் ஒரே துறையில் வேலை பார்ப்பவர்கள் என்ற நிலை போய், ஒரே தரவு மையத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் என்றானது. /24 என்றால் 256 முகவரிகள், /20 என்றால் 4096. அதில் யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர்களில் ஒருவருடைய வேர்ட்பிரஸ் தளம் உடைக்கப்பட்டால் போதும், ஸ்பேம் நம் வாசல் வழியாக வெளியேறும், கறுப்புப் பட்டியலில் நம் முகவரி ஏறும். இதைச் சரிசெய்ய 2015 பிப்ரவரி வரை, போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அதில்தான் இயல்பு மதிப்பு "ஹோஸ்ட்" ஆனது.

ஏன் இவ்வளவு தாமதம்? ஒரு இயல்பு மதிப்பை மாற்றினால், அதை நம்பிச் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஆயிரம் இடங்களில் மெயில் நின்றுவிடும். அதற்காகவே 3.0-இல் "கம்பாட்டிபிலிட்டி லெவல்" என்ற ஏற்பாட்டையும் சேர்த்தார்கள். பழைய கன்ஃபிக்கோடு மேம்படுத்தினால் பழைய நடத்தையே தொடரும். ஆனால் அந்தப் பழைய தயவால் ஒரு மெயில் உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் லாக்கில் ஒரு வரி விழும்: "மைநெட்வொர்க்ஸ்-ஸ்டைல் சப்நெட் என்ற பழைய இயல்பைப் பயன்படுத்தி இன்னாரை அனுமதிக்கிறேன்" என்று, முகவரியோடு. சில வாரம் லாக்கைப் படித்தால் உண்மையான சொந்தக்காரர்கள் யார் யார் என்ற பட்டியல் தானாகக் கையில் வந்துவிடும். மென்பொருளில் நான் பார்த்த நாகரிகமான மாற்றங்களில் இது ஒன்று.

இந்த மாற்றத்தை நான் ஒரு ஸ்கேனர் மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன். நண்பர் ஒருவரின் சிறிய அலுவலகத்தில் பழைய சர்வர் ஓய்வு பெற்று, டெபியன் என்ற லினக்ஸின் புதிய பதிப்பில் புதிதாகவே எல்லாம் நிறுவினோம். எல்லோருக்கும் மெயில் போனது, வந்தது. மூன்றாம் நாள் கணக்குப் பிரிவிலிருந்து புகார்: ஸ்கேன் செய்தால் வாடிக்கையாளருக்கு மெயில் போவதில்லை. லாக்கில் "454 4.7.1 ரிலே ஆக்சஸ் டினைட்". அந்த ஸ்கேனருக்குக் கடவுச்சொல் கொடுக்கத் தெரியாது. பல ஆண்டுகளாக அது சப்நெட்டின் புண்ணியத்தில் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது, அது யாருக்கும் தெரியவும் இல்லை. அந்த ஒரு முகவரியை மட்டும் /32 போட்டு எழுதினோம். அதே புண்ணியத்தில் அந்த அலுவலகத்தின் விருந்தினர் வைஃபையும் இருந்தது என்பது பட்டியலைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

முதல் கேள்விக்குக் கெர்னல் ஒழுங்காகப் பதில் சொல்லும் என்றேன். அதிலும் ஒரு ஓட்டை உண்டு. தன் முதுகு தனக்குத் தெரியாது. பல கிளவுட் மெஷின்களில் உள்ளே போய்ப் பார்த்தால் 10 என்று தொடங்கும் தனியார் முகவரிதான் இருக்கும். உலகம் அறிந்த பொது முகவரி அந்த மெஷினில் எங்கும் இருக்காது. நேட் (முகவரி மாற்றம்) செய்யும் ஏதோ ஒரு பெட்டி நடுவில் மாற்றிவிடுகிறது. கெர்னலை எத்தனை முறை கேட்டாலும் அது தன்னிடம் இல்லாத முகவரியைச் சொல்லாது. இப்போது அந்த மாற்று சர்வர் கதைக்குத் திரும்புங்கள். முதன்மை படுத்துக்கிடக்கிறது, பட்டியலில் அடுத்தது 20, அதன் முகவரி நம் பொது முகவரி. சர்வர் தன் பட்டியலைப் பார்க்கிறது, அந்த முகவரி இல்லை, "யாரோ வேறு ஆள்" என்று இணைக்கிறது. நேட் பெட்டி அதைத் திருப்பி நம்மிடமே அனுப்பினால் சுழல் ஆரம்பம். இதற்காகத்தான் ப்ராக்ஸி-இன்டர்ஃபேசஸ் என்ற அமைப்பு இருக்கிறது. வெளியே தெரியும் முகவரியை நாமே கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். தானியங்கிக் கண்டுபிடிப்பு இங்கே முற்றிலும் கைவிரித்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால் முதன்மை நலமாக இருக்கும் நாள்வரை இந்தத் தவறு வெளியே தெரியாது.

இதற்கு நேர் எதிர்த் திசையிலும் நேட் ஏமாற்றும், அதுதான் ஆபத்தானது. மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் போஸ்ட்ஃபிக்ஸ் ஓடுகிறது என்று வையுங்கள். டாக்கரின் இயல்பான உள் நெட்வொர்க்கான பிரிட்ஜில் கன்டெய்னருக்கு 172.17.0.2 போன்ற ஒரு முகவரி, மாஸ்க் /16, வாசல் 172.17.0.1. "உள் நெட்வொர்க்தானே, வெளியாள் யார் வரப்போகிறார்" என்று 172.17.0.0/16-ஐ மைநெட்வொர்க்ஸில் சேர்ப்பவர்கள் நிறையப் பேர். சேர்க்காவிட்டாலும் "சப்நெட்" அதையே செய்யும். ஐபிவி4-இல் வெளியிலிருந்து வரும் இணைப்பை டாக்கர் கெர்னலின் விதிகள் மூலம் திருப்பிவிடுகிறது, வந்தவரின் உண்மையான முகவரி அப்படியே உள்ளே தெரியும். சோதித்துப் பார்ப்பவர் தன் வீட்டு ஐபிவி4 இணைப்பிலிருந்து சோதிப்பார், "ரிலே மறுக்கப்பட்டது" என்று வரும், திருப்தியோடு தூங்கப் போவார்.

ஆனால் அந்த மெஷினுக்கு ஐபிவி6 முகவரியும் இருந்து, கன்டெய்னருக்கு ஐபிவி4 மட்டும் இருந்தால் வழி மாறுகிறது. ஐபிவி6-இல் வரும் இணைப்பை டாக்கர்-ப்ராக்ஸி என்ற சிறிய நிரல் தானே எடுத்து, கன்டெய்னரோடு புதிதாக ஒரு ஐபிவி4 இணைப்பை உண்டாக்கிக் கடத்துகிறது. உள்ளே இருக்கும் போஸ்ட்ஃபிக்ஸுக்கு வந்தவர் யாரானாலும் 172.17.0.1 என்றுதான் தெரியும். பிரேசிலிலிருந்து வந்தாலும், பின்லாந்திலிருந்து வந்தாலும், வாசலில் நிற்பவர் வீட்டுக்காரர். அனுமதி, வேகக் கட்டுப்பாடு இல்லை, சோதனை இல்லை. திறந்த ரிலே. ரூட் அனுமதியில்லாமல் ஓட்டும் டாக்கரிலும் வந்தவரின் முகவரி இப்படித் தொலைவது வழக்கம். இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துவிடும் லோட் பேலன்சருக்குப் பின்னால் சர்வரை வைப்பவர்களுக்கும் இதே கதி, எல்லா இணைப்பும் பேலன்சரின் உள் முகவரியிலிருந்தே வரும். ஹெச்ஏப்ராக்ஸி என்ற லோட் பேலன்சர் உண்டாக்கிய ப்ராக்ஸி புரோட்டோகாலை போஸ்ட்ஃபிக்ஸ் 2.10 முதல் புரிந்துகொள்கிறது. அதை இரண்டு பக்கமும் இயக்கினால் உண்மை முகவரி முதல் வரியிலேயே வந்து சேரும். ஒரு பக்கம் மட்டும் இயக்கினால் எந்த மெயிலும் வராது. ரிலே திறந்து கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல், குறைந்தபட்சம் யாராவது போன் செய்து சொல்வார்கள்.

மற்ற சர்வர்கள் இந்த விஷயத்தில் எப்படி? சென்ட்மெயில் தொடங்கும்போதே எல்லா இன்டர்ஃபேஸ்களையும் துழாவி, ஒவ்வொரு முகவரிக்கும் டிஎன்எஸ்ஸில் பெயர் கேட்டு, "நான்" என்ற தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். டிஎன்எஸ் மெதுவாக இருந்தால், அல்லது நூற்றுக்கணக்கான மெய்நிகர் இன்டர்ஃபேஸ்கள் இருந்தால், தொடங்குவதற்கே நேரம் பிடிக்கும். அதை நிறுத்தவே ஒரு தனி அமைப்பு வைத்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் எழுதிய எக்சிம், இரண்டு கேள்விகளையும் ஆரம்பத்திலிருந்தே பிரித்து வைத்தது. தன் முகவரிகளைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும், ஆனால் யாருக்கு ரிலே என்ற இடத்தில் அதன் மாதிரிக் கன்ஃபிக்கில் லோக்கல்ஹோஸ்ட் என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. க்யூமெயிலிலும் அப்படியே, ரிலே அனுமதியை நிர்வாகிதான் எழுத வேண்டும். ஆனால் "நான் யார்" என்ற பட்டியலில் அது 0.0.0.0 என்ற முகவரியைச் சேர்க்க மறந்துவிட்டது. லினக்ஸில் அந்த முகவரிக்கு இணைத்தால் தன்னிடமே வரும். எனவே யாராவது குறும்புக்காரர் தன் டொமைனின் எம்எக்ஸை 0.0.0.0-க்குக் காட்டினால் க்யூமெயில் தன்னோடு தானே பேசிக்கொண்டிருக்கும். அதற்குப் பின்னர் ஒட்டுப் போட்டார்கள்.

டெபியனில் புதிதாக நிறுவினால் மைநெட்வொர்க்ஸ் வரியில் ஒரு விசித்திரமான பதிவைப் பார்க்கலாம். 127.0.0.0/8 புரிகிறது, ஐபிவி6 லூப்பேக்கான ::1-உம் புரிகிறது. நடுவில் 127.0.0.0 என்பதையே ஐபிவி6 வேடத்தில் எழுதி /104 என்று போட்டிருக்கும். ஐபிவி6 சாக்கெட் ஒன்றே இரண்டு வகை இணைப்பையும் வாங்கும்போது, ஐபிவி4-இல் வந்தவர் ஐபிவி6 உடையணிந்து தெரிவார். அந்த உடையின் முன்பகுதி 96 பிட். அதோடு பழைய /8-ஐக் கூட்டினால் 104. 

நேரமும் ஒரு பிரச்சினை. கெர்னலிடம் எப்போது கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். எந்த முகவரியில் மெயில் வாங்குவது என்று சொல்லும் இனெட்-இன்டர்ஃபேசஸில் ஒரு குறிப்பிட்ட முகவரியை எழுதியிருந்து, மெஷின் பூட் ஆகும்போது முகவரி வழங்கும் டிஎச்சிபி அந்த முகவரியைக் கொடுப்பதற்கு முன்பே போஸ்ட்ஃபிக்ஸ் எழுந்துவிட்டால், அப்படி ஒரு இன்டர்ஃபேஸே இல்லை என்று சொல்லிப் படுத்துவிடும். கையால் மறுபடி தொடங்கினால் ஓடும். "ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடுது சார்" வகைப் புகார்களில் பாதி இதுதான். அந்த அமைப்பை மாற்றினால் "ரீலோட்" போதாது, நிறுத்தித்தான் தொடங்க வேண்டும் என்பதையும் பலர் ஒருமுறை பட்டுத்தான் கற்கிறார்கள்.

இதற்கெல்லாம் பிறகு நான் செய்வது எளிமையானது. மைநெட்வொர்க்ஸில் லூப்பேக் மட்டும், கையால் எழுதி. மனிதர்கள் எல்லோரும் 587-இல் கடவுச்சொல்லோடு. கடவுச்சொல் தெரியாத ஸ்கேனர், பழைய யுபிஎஸ், வருகைப்பதிவுப் பெட்டி ஆகியவற்றுக்குத் தனித்தனியாக /32. எழுதிய பிறகு "போஸ்ட்கான்ஃப்" கட்டளையைக் கொடுத்து, சர்வர் உண்மையில் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று அதன் வாயாலேயே கேட்டுவிடுவேன். ரிலே சோதனையை ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும், வெளியிலிருந்து செய்வேன்.

இதிலும் ஒரு சொந்தக்காரர் எப்போதும் உள்ளே இருக்கிறார். 127.0.0.1. அதே மெஷினில் ஓடும் இணையதளத்தின் "எங்களைத் தொடர்புகொள்ள" படிவம் அந்த முகவரியிலிருந்துதான் மெயில் கொடுக்கும். சென்ற வருடம் ஒரு கறுப்புப் பட்டியலிலிருந்து ஒரு முகவரியை மீட்க உதவச் சொன்னார்கள். ரிலே பூட்டியிருந்தது, சப்நெட் இல்லை, டாக்கர் இல்லை. லாக்கில் பதினான்காயிரம் வரிகள், எல்லாமே "கனெக்ட் ஃப்ரம் லோக்கல்ஹோஸ்ட்". அந்தப் படிவத்தில் "யாருக்கு" என்ற பெட்டியை நிரப்பும் வேலையைப் பார்வையாளரிடமே விட்டிருந்தார்கள்.